பெயர் தெரியாத விடுதி

மாட்டுச் சந்தைக்குச் சென்று வந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். விலை பேசும் வேளை வந்ததும் தரகர் தம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தம் கைமீதும் எதிரில் நிற்பவர் கைமீதும் போர்த்திக் கொள்வார். துண்டுக்குள்ளே விரல்கள் பேசும். ஒருவர் விரலை மற்றவர் பற்றுவார், தலையை அசைப்பார், மீண்டும் பற்றுவார். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்தத் துண்டு. இந்த மாடு இன்ன விலைக்குப் போயிற்று என்பது வெளிப்பட்டுவிட்டால், அடுத்து வருகிறவரும் அதே விலைக்குக் கேட்பார் அன்றோ? ஆயினும் மறைந்திருப்பது விலை மட்டுமே. மாடு எல்லாருக்கும் முன்னால் நிற்கும். பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், சுழியைப் பார்க்கலாம், நாலு அடி நடக்கவிட்டும் பார்க்கலாம்.

இந்தச் சந்தையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாற்போன்ற ஒரு வாணிபம் அமெரிக்க நாட்டில் பல்லாண்டுகள் நடந்தது. அங்கே விலையை வாங்குகிறவர் வாய்விட்டுச் சொல்வார். விற்கப்படும் பொருள்தான் துண்டுக்குள் இருக்கும். பணத்தைக் கொடுத்து முடித்த பிறகே துண்டு விலகும். அவ்வாறு விற்கப்பட்ட பொருள், வழிப்போக்கர்கள் இரவு தங்குவதற்கான விடுதி அறை. ஹோட்டல் என்றால் நம்மூரில் பரோட்டாவும் தேநீரும் கிடைக்கும் இடம் என்றே பலரும் கொள்வர். எனவே இக்கட்டுரை முழுவதும் விடுதி என்னும் சொல்லையே ஆள்கிறேன்.

எங்கள் குடும்பம் 2013-ஆம் ஆண்டில் ஆறு மாத காலம் இந்தச் சந்தையில் புழங்கியது. அதில் நாங்கள் அறிந்தவை, வெளியூரில் குடும்பத்தோடு தங்கவேண்டிய எவருக்கும் பயன்படக்கூடும் என்று எண்ணி இதனை எழுதுகிறேன்.

துண்டுக்குள் பொருள் வந்த கதை

ஜே வாக்கர் என்னும் அமெரிக்கத் தொழில் முனைவர் பிரைஸ்லைன் என்னும் இணையதளத்தை 1998-ஆம் ஆண்டில் தொடங்கினார். ‘உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்’ என்பதுதான் அதன் அழைப்பு. இந்த முறைக்கு அதே ஆண்டில் அவர்கள் காப்புரிமையும் பெற்றார்கள். முதலில் விமானப் பயணச் சீட்டுகள்; அடுத்து விடுதி அறைகள்; பிறகு வாடகைக் கார்கள். ஸ்டார் டிரெக் என்னும் தொடரில் நடித்துப் புகழ்பெற்ற வில்லியம் ஷாட்னர் விளம்பரங்களில் தோன்றி, இந்தப் பேரம் பேசும் கலையை நாடெங்கும் பரப்பினார்.

விடுதிக்காரர் ஏன் இதற்கு உடன்பட்டார்? காரணம் எளிது. இன்றிரவு காலியாகக் கிடக்கும் அறையை நாளை விற்க இயலாது. நேற்றைய மீனையாவது உப்பிட்டுக் கருவாடாக்கலாம். நேற்றைய அறையை எதுவும் செய்ய வழியில்லை. ஆகவே பாதி விலைக்குப் போனாலும் அவருக்கு ஆதாயமே. ஆனால் பாதி விலை என்று தம் வாயிலில் எழுதிப் போட்டால், முழு விலை கொடுக்கும் விருந்தினர் சும்மா இருப்பாரா? அதனால் பெயர் மறைக்கப்பட்டது. வாங்குகிறவருக்கு நகரின் எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரத் தரம் என்னும் இரண்டு செய்திகள்தாம் தெரியும். அவர் ஒரு விலையை எழுதி, கிரெடிட் கார்டின் எண்ணையும் தரவேண்டும். அப்பகுதியில் அத்தரத்தில் உள்ள ஏதேனும் ஒரு விடுதி அந்த விலைக்கு ஒப்பினால், அந்தக் கணமே பணம் எடுத்துக்கொள்ளப்படும். விடுதியின் பெயர் அதன்பின்னரே திரையில் தோன்றும். பிடிக்கவில்லை என்று திருப்ப முடியாது. தேதியை மாற்றவும் முடியாது.

2000-ஆம் ஆண்டில் தோன்றிய ஹாட்வயர் என்னும் தளம் சற்று வேறுபட்டது. அங்கே விலையைத் தளமே சொல்லும். நாம் கேட்க வேண்டுவதில்லை. ஆனால் பெயர் மறைந்திருப்பது அங்கும் அப்படியே.

எங்களுக்கு நேர்ந்த தேவை

என் லாத்தாவின் மகன் டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் நகரில் வேலை பார்க்கிறார். லாத்தாவும் மச்சானும் அவரிடம் சென்றிருந்த காலத்தில் மச்சானுக்கு நோய் கண்டது. ஹூஸ்டன் நகரில், மருத்துவமனைகள் பலவும் ஒன்றாகத் திரண்டிருக்கும் பெரிய மருத்துவ வளாகம் உண்டு. அங்கே மூன்று வாரத்திற்கு ஒருமுறை சென்று சிகிச்சை பெறவேண்டும் என்றாயிற்று. லாத்தாவுக்குத் துணையாக நானும் போய்ச் சேர்ந்தேன்.

டல்லாஸிலிருந்து ஹூஸ்டனுக்கு ஏறக்குறைய 240 மைல். நலமாக இருப்பவருக்கு அது காரில் நான்கு மணி நேரத் தொலைவு. நோயாளிக்கு அதனினும் மிகுதி. முதல்நாள் மாலை போய்ச் சேர்ந்து, மறுநாள் சிகிச்சை முடித்து, அன்றிரவும் தங்கி, அடுத்த நாள் திரும்புவோம். ஒவ்வொரு முறையும் இரண்டு இரவுகள், இரண்டு அறைகள். மருத்துவ வளாகத்தை அடுத்திருந்த விடுதிகள் ஓர் அறைக்கு 130, 150 டாலர் என்று கேட்டன. சிகிச்சைச் செலவின் மேல் இந்தச் செலவும் சேர்ந்தால் தாங்குவது எப்படி? மருமகன் ஏலம் கேட்கத் தொடங்கினார். அதில் அவருக்கு இருந்த ஊக்கத்தைப் பார்க்கவேண்டும். இரவு உணவு முடிந்ததும் கணிப்பொறி முன்னால் அமர்வார். நாற்பது டாலர் என்பார், மறுக்கப்படும். நாற்பத்தைந்து என்பார், மறுக்கப்படும். ஒருநாள், “மாமா, விழுந்துவிட்டது!” என்று வலையில் பெரிய மீன் அகப்பட்டவரைப்போல் துள்ளி எழுந்தார்.

முதல் பயணத்தில் கிடைத்த விடுதி நன்றாகவே இருந்தது. அதனால் அடுத்த பயணத்திற்குத் தரத்தில் ஒருபடி இறங்கி, இரண்டு நட்சத்திரத்தில் கேட்டார். அறை ஒன்று 41 டாலருக்குக் கிடைத்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி. நெடுஞ்சாலை ஓரத்தில் இரண்டு அடுக்குக் கட்டடம். அறைகளின் கதவுகள் வெளிப்புற நடையில் திறந்தன. எங்களுக்கு ஒதுக்கிய அறைகள் இரண்டும் மேல்தளத்தில் இருந்தன. லிப்ட் இல்லை, வெளியே இரும்புப் படிக்கட்டு. கீழே அறை வேண்டும் என்று கேட்டோம். எல்லாம் நிரம்பிவிட்டன என்றார்கள். மச்சான் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் மகனின் தோளையும் பற்றிக்கொண்டு ஏறினார். நடுவில் இரண்டு முறை நின்றார். அறையைத் திறந்ததும் பழைய சிகரெட் புகையின் வாடை முகத்தில் அடித்தது. சிகிச்சை தொடங்கிய நாள் முதல் வாடை எதுவும் மச்சானுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அறைக்கு ஒரே கட்டில். மருமகன் எனக்குக் கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் போர்வையை விரித்துப் படுத்தார். சுவருக்கு அப்பால் மச்சான் இருமுவது விடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது. எவ்வளவு மிச்சமாயிற்று என்பதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

பிரிக்காத கட்டு

மறுநாள் மருத்துவமனைக் கூடத்தில் காத்திருந்தபோது மருமகன் முகங்கொடுக்காமல் அமர்ந்திருந்தார். மச்சான் அவரை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். நாற்பது ஆண்டுகள் ஜவுளிக்கடை நடத்தியவர் மச்சான். ஆலைகளில் கழித்துப்போடும் துணிகளைக் கட்டோடு வாங்கிச் சில்லறையில் விற்றும் பழகியவர்.

“தம்பி, பிரிக்காத கட்டை வாங்குறவன் உள்ளே இருக்கிறதெல்லாம் மட்டம்னு நினைச்சுத்தான் விலை போடணும். அந்த மட்டத் துணியை வெச்சுக்கிட்டு நம்மால பிழைக்க முடியுமான்னு பார்க்கணும். முடியும்னா வாங்கு. நல்ல துணி ரெண்டு வந்தா அது மேல் வரவு. நல்ல துணி இருக்கும்னு நம்பி வாங்குனவன் கடையை நான் பார்த்திருக்கேன், பூட்டிக் கிடக்குது” என்றார்.

விடுதி ஏலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. ஏலம் கேட்பவர் தம் மனத்தில் ஓர் அழகிய விடுதியைக் கட்டிக்கொள்கிறார். அப்பகுதியிலேயே சிறந்த விடுதி எதுவோ, அது பாதி விலையில் தமக்குக் கிடைக்கப்போவதாக எண்ணுகிறார். ஆனால் மிகக் குறைந்த விலைக்கு முதலில் இறங்கி வருவது யார்? அறைகள் நிரம்பாத விடுதிக்காரர். அறைகள் நிரம்பாததற்குப் பல வேளைகளில் தக்க காரணம் இருக்கும். ஆதலின் நமக்குக் கிடைக்கக் கூடியவற்றுள் மிகத் தாழ்ந்தது எது என்று முதலில் கண்டறிந்து, அதில் நம் வீட்டார் ஓர் இரவைத் துன்பமின்றிக் கழிக்க இயலுமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இயலும் என்றால் ஏலம் கேட்கலாம்; இயலாது என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் விலகிவிட வேண்டும்.

லாத்தா எழுதிய தாள்

டல்லாஸுக்குத் திரும்பியதும் லாத்தா ஒரு தாளை எடுத்து நான்கு வரி எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். லிப்ட் அல்லது தரைத்தள அறை, புகை வாடை இல்லாமை, மருத்துவமனைக்குக் கால் மணி நேரத்திற்குள் போய்ச் சேரும் வழி, இரண்டு கட்டில். இவை இருந்தால் போதும். நீச்சல் குளமும் வேண்டாம், காலைச் சிற்றுண்டியும் வேண்டாம் என்றார். மருமகன் அதன் பிறகு அந்தத் தாளைப் பார்த்துத்தான் கணிப்பொறியைத் திறந்தார். அவர் கைக்கொண்ட முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலாவது, நட்சத்திரம். நம் நாட்டில் விடுதிகளுக்கு நட்சத்திரம் வழங்க மத்திய அரசின் சுற்றுலா அமைச்சகத்தில் ஒரு குழு உண்டு. விரும்பி விண்ணப்பிக்கும் விடுதிகளை அது நேரில் பார்த்துத் தரம் சொல்கிறது. அந்தப் பழக்கத்தால் நட்சத்திரம் என்றாலே அரசு முத்திரை என்று நாம் கருதுகிறோம். அமெரிக்காவில் அவ்வாறு அரசு முத்திரை இல்லை. மோட்டார் பயணிகளின் சங்கம் வைரக்குறி வழங்குகிறது. ஃபோர்ப்ஸ் வழிகாட்டி தன் நட்சத்திரத்தை வழங்குகிறது. இணையதளங்களோ ஒவ்வொன்றும் தன் கணக்கில் தானே நட்சத்திரம் ஒட்டிக்கொள்கிறது. ஒரே விடுதி ஒரு தளத்தில் மூன்றாகவும் மற்றொன்றில் இரண்டரையாகவும் நிற்கும். ஆகவே எந்தத் தளத்தில் ஏலம் கேட்கிறோமோ, அந்தத் தளத்தின் நட்சத்திரம்தான் நமக்குக் கணக்கு. எங்கள் தேவைக்கு மூன்று நட்சத்திரத்திற்குக் கீழே இறங்குவதில்லை என்று முடிவாயிற்று. அத்தரத்தில் எங்களுக்கு வாய்க்கக்கூடியவை பெரும்பாலும் லிப்ட் உள்ள மாடிக் கட்டடங்கள். வெஸ்டின், மாரியட் போன்ற பெரிய நிறுவனங்கள் 2006-ஆம் ஆண்டிலேயே தம் அமெரிக்க விடுதிகளில் புகைக்கு இடமில்லை என்று ஆக்கிவிட்டிருந்தன.

இரண்டாவது, பகுதி. தளம் நகரத்தின் வரைபடத்தைக் கோடிட்டுப் பல பகுதிகளாகப் பிரித்துக் காட்டும். பகுதியின் பெயர் அழகாக இருக்கும். அதன் எல்லையோ எங்கோ நெடுஞ்சாலையைத் தாண்டிச் செல்லும். நமக்கு வாய்க்கும் விடுதி அந்தப் பகுதியின் நடுவில் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆதலால் மருமகன் எல்லையின் கடைக்கோடியில் விரலை வைத்து, அங்கிருந்து மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கிடுவார். இதில் ஒரு வியப்பும் இருந்தது. ஹூஸ்டனில் 2004-ஆம் ஆண்டு முதல் நகர மையத்திலிருந்து மருத்துவ வளாகத்தின் ஊடே ஒரு மின்ரயில் ஓடுகிறது. மைல் கணக்கில் தொலைவாக இருந்த நகர மைய விடுதி, ரயில் இருந்தமையால் எங்களுக்கு அருகாயிற்று. மைல் கணக்கில் அருகிலிருந்த நெடுஞ்சாலை விடுதிதான் தொலைவாயிற்று.

மூன்றாவது, பட்டியல். பெயரை மறைக்காமல் முழு விலைக்கு விற்கும் பக்கத்தில், அந்தப் பகுதியில் அந்தத் தரத்தில் உள்ள விடுதிகள் அனைத்தையும் எழுதிக்கொள்வார். பெரும்பாலும் ஐந்தாறுதான் இருக்கும். அவற்றுள் தங்கியவர்கள் மிகவும் குறைகூறும் விடுதி எது என்று பார்ப்பார். குறைகளைப் படிப்பதிலும் ஒரு முறை வேண்டும். ஒருவர் சினத்தில் கொட்டிய நீண்ட வசையை விட, ஒருவரையொருவர் அறியாத நால்வர் வெவ்வேறு மாதங்களில் சொன்ன ஒரே குறை எடை மிக்கது. மூட்டைப்பூச்சி, பழுதான லிப்ட், சூடேறாத வெந்நீர் ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று பார்க்கவேண்டும். வரவேற்பறைப் பெண் சிரிக்கவில்லை என்பதைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. பட்டியலில் கடைசியாக நிற்கும் விடுதி லாத்தாவின் தாளுக்கு ஒத்துவந்தால் மட்டுமே அந்தப் பகுதியில் ஏலம்.

நான்காவது, விலையை உயர்த்தும் வகை. ஓர் ஏலம் தள்ளப்பட்டால், அதே பகுதியில் அதே தரத்தில் மீண்டும் கேட்க ஒருநாள் காத்திருக்க வேண்டும். ஆனால் புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டால் உடனே விலையை ஏற்றிக் கேட்கலாம். நாம் வேண்டும் தரத்தில் விடுதியே இல்லாத பகுதி எது என்று முன்கூட்டிப் பார்த்து அதைச் சேர்த்தால், அங்கே நம்மைத் தள்ளிவிட வழியில்லை. இன்னொரு வாய்ப்பு மட்டும் கிடைத்துவிடும். இவ்வாறு மூன்று நான்கு டாலராக ஏறிச் செல்லலாம். சேர்க்கும் முன்னர் அப்பகுதியில் அத்தரத்தில் ஒன்றும் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சரிபார்த்தல் வேண்டும். தரப் பட்டியல் நிலையாக நிற்பதன்று.

ஐந்தாவது, விலையில் அடங்காதவை. 60 டாலர் என்று எழுதுகிறோம். கையிலிருந்து போவது 60 அன்று. ஹூஸ்டனில் விடுதி வரி மட்டுமே நூற்றுக்கு 17. தளத்தின் சேவைக் கட்டணம் தனி. நகர மையத்தில் காரை நிறுத்தவும் இரவுக்கு இவ்வளவு என்று விடுதி வாங்கும். சுற்றுலா ஊர்களில் ‘ரிசார்ட் கட்டணம்’ என்னும் பெயரில் இன்னொரு தொகையும் வாயிலில் காத்திருக்கும். இவற்றையெல்லாம் கூட்டிய பிறகே மலிவா அன்றா என்று சொல்ல முடியும்.

ஆறாவது, ஆட்களும் கட்டில்களும். ஏலத்தில் கிடைக்கும் அறை இருவர் தங்குவதற்கே உறுதி. ஒரு கட்டிலா, இரண்டா என்பது விடுதியின் விருப்பம். பெயர் தெரிந்தவுடனே மருமகன் விடுதியைத் தொலைபேசியில் அழைத்து, நோயாளி வருகிறார், இரண்டு கட்டில் உள்ள அறை இருந்தால் தருக என்று கேட்டுக்கொள்வார். அது உரிமையில்லை, வேண்டுகோள்தான். ஆயினும் முன்னதாகக் கேட்ட வேண்டுகோளுக்குப் பெரும்பாலும் செவி கிடைத்தது; நள்ளிரவில் வரவேற்பறையில் நின்று கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

இவ்வாறு நடந்துகொண்ட பின் அடுத்தடுத்த பயணங்களில் எங்களுக்குக் கிடைத்தவை 56 முதல் 68 டாலர் வரையிலான அறைகள். 41 டாலர் அறையை நோக்க இது மிகுதிதான். அப்பகுதியின் மிகச் சிறந்த விடுதி ஒருமுறைகூட எங்களுக்கு வாய்க்கவில்லை. ஆனால் ஒருமுறைகூட மச்சான் படியேறவில்லை.

ஏலம் கேட்கக்கூடாத நாட்கள்

மார்ச்சு மாதப் பயணத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. ஹூஸ்டனில் ஆண்டுதோறும் அம்மாதத்தில் மாபெரும் கால்நடைக் கண்காட்சியும், காளைமீதும் குதிரைமீதும் ஏறிச் செய்யும் வீர விளையாட்டுகளும் வாரக்கணக்கில் நடைபெறும். நடைபெறும் இடம், மருத்துவ வளாகத்திற்குப் பக்கத்து விளையாட்டரங்கம். மே மாதத்திலும் அதே வளாகத்தில் கடல் எண்ணெய்த் தொழிலினரின் பெரிய மாநாடு கூடும். அந்த நாட்களில் காலி அறை ஏது? காலி அறை இல்லாத ஊரில் ஏலம் கேட்பது, வற்றிய குளத்தில் தூண்டில் போடுவது போன்றது. மருமகன் நான்கு இரவுகள் கேட்டும் எதுவும் விழவில்லை.

போதாக்குறைக்கு அம்முறை மச்சானுக்குச் சிறிய அறுவை ஒன்றும் இருந்தது. இரத்தப் பரிசோதனை எப்படி வருகிறதோ, அதைப் பொறுத்து நாள் ஒத்திப்போடப்படலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தேதி நம் கையில் இல்லாதபோது, தேதியை மாற்றவே முடியாத அறையை வாங்குவது எங்ஙனம்?

லாத்தாதான், “நேராகக் கேட்டுப் பார்த்தால் என்ன?” என்றார். மருமகன் மருத்துவ வளாகத்தை அடுத்த விடுதி ஒன்றைத் தொலைபேசியில் அழைத்தார். எதிர்முனையில் பேசிய பெண்மணி, எந்த மருத்துவமனை, நோயாளிக்கு நடக்க முடியுமா என்று விசாரித்தார். பின்னர், நோயாளிகளின் குடும்பத்துக்கென்று தங்களிடம் தனிக்கட்டணம் உண்டு என்றார். கண்காட்சி நாட்களாக இருந்தும் அது பொது விலையைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. முதல்நாள் மாலைவரை ரத்து செய்யலாம். மருத்துவமனைக்கு அவர்களுடைய வண்டி மணிக்கொருமுறை போய்வரும். லிப்டுக்கு அருகிலேயே அறை தருகிறோம் என்றும் சொன்னார். ஏலத்தில் கிடைத்ததைவிட விலை மிகுதி. ஆனால் லாத்தாவின் தாளில் இருந்த நான்கு வரிகளும் ஒரே தொலைபேசிப் பேச்சில் நிறைவேறின. மருத்துவ வளாகத்தைச் சுற்றியுள்ள விடுதிகள் பலவற்றில் இத்தகைய கட்டணம் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தோம். வாயைத் திறந்து கேட்பவருக்கே அது கிடைக்கிறது.

சொன்னபடியே அறுவை இரண்டு நாள் தள்ளிப்போயிற்று. மருமகன் மறுபடி அழைத்துத் தேதியை மாற்றிக்கொண்டார். ஒரு காசும் இழக்கவில்லை.

மிச்சம் என்னும் மயக்கம்

பேரம் பேசி வாங்குவதில் ஓர் இன்பம் இருப்பதை மறுப்பதற்கில்லை. குறைந்த விலைக்கு வாங்கியதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்வது வாங்கிய பொருளைவிட இனிக்கிறது. ஏலத் தளங்கள் இந்த இனிப்பை நன்கு அறிந்தவை. இத்தனை டாலர் மிச்சப்படுத்தினீர்கள் என்று பெரிய எழுத்தில் பாராட்டும். மிச்சம் எதிலிருந்து கணக்கிடப்படுகிறது? நாம் ஒருபோதும் கொடுக்க நினைத்திராத ஒரு விலையிலிருந்து. அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கேட்கும் விலையை இன்னும் குறைக்கிறோம். தரத்தில் ஒருபடி, பகுதியில் ஒருபடி இறங்குகிறோம். முடிவில், எதற்காகப் பயணம் புறப்பட்டோம் என்பதே மறந்துவிடுகிறது.

தனியாகச் செல்லும் இளைஞருக்கு இது விளையாட்டு. கிடைத்த இடத்தில் முடங்கிவிட்டு விடிந்ததும் எழுந்து போய்விடுவார். அவர் துணிந்து கேட்கலாம். முதியவர், நோயாளி, பிள்ளைத்தாய்ச்சி, கைக்குழந்தை ஆகியோரை உடன் அழைத்துச் செல்லும் குடும்பத்தலைவருக்கு அந்தத் துணிவு ஆகாது. ஏலம் கேட்பவர் ஒருவர், படியேறுகிறவர் இன்னொருவர். இந்த வேறுபாட்டை எண்ணாமல் விலை சொல்லக்கூடாது.

இன்று அந்தச் சந்தையின் நிலை மாறிவிட்டது. விலையை வாங்குகிறவரே சொல்லும் முறையை, விமானச் சீட்டுகளுக்கு 2016-ஆம் ஆண்டில் பிரைஸ்லைன் கைவிட்டது. பின்னர் விடுதிகளுக்கும் அது இல்லாது போயிற்று. ஆயினும் பெயரை மறைத்து விற்பது நிற்கவில்லை. ‘எக்ஸ்பிரஸ் டீல்’ என்றும் ‘ஹாட் ரேட்’ என்றும் வேறு பெயர்களில் அது தொடர்கிறது. தரம், பகுதி, வசதிகள், தங்கியவர்கள் தந்த மதிப்பெண் ஆகியவற்றை இப்போது காட்டுகிறார்கள். அந்த வசதிகளை வெளிப்படையாக விற்கும் பக்கத்தோடு ஒப்பிட்டால், மறைந்திருக்கும் விடுதி எதுவாக இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கவும் முடிகிறது. 2025-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் முதல், கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த விலையையே விடுதிகள் முதலில் காட்டவேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி நடைமுறைக்கு வந்துள்ளது. வாயிலில் காத்திருந்த ரிசார்ட் கட்டணத்திற்கு இது ஒரு கடிவாளம். கார் நிறுத்தும் கட்டணம்போல் விரும்பினால் மட்டும் செலுத்துபவை இதில் சேரா. அவற்றை நாம்தான் கேட்டறிய வேண்டும்.

மச்சான் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பி நான்காண்டுகள் நம்மோடு இருந்தார். அந்தக் காலத்தில் எவரேனும் பயணம் புறப்படுவதாகச் சொல்லிக்கொள்ள வந்தால், எங்கே தங்கப்போகிறார்கள், எத்தனை படி ஏறவேண்டும் என்று அவர் தவறாமல் விசாரிப்பார். எவ்வளவு கட்டணம் என்று அவர் கேட்டதை நான் பார்த்ததில்லை.

குடும்பத்தோடு வெளியூர் செல்லும் நேயர்கள் விலையைத் தேடுமுன் வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டுகிறேன்: “எது இல்லாவிட்டால் உனக்கு அந்த இரவு உறக்கம் வராது?” பாட்டி ஒன்று சொல்வார், சிறுமி ஒன்று சொல்வாள், எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லும் இல்லத்தரசியை மட்டும் இன்னொரு முறை கேளுங்கள். அந்த விடைகளைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகு கணிப்பொறியைத் திறக்கலாம்.